கழுத்துல கட்டி, தொண்டைல ஹெச்பிவி: டிபி மாத்திரை எழுதறதுக்கு முன்னாடி இதப் படிங்க

வருஷா வருஷம் மேல்படிப்பு படிக்கற டாக்டருங்க, அதாவது புது பேட்ச் பிஜி பசங்க, இஎன்டி ஓபிக்கு வர்றாங்க, வருஷா வருஷம் அதே தப்புகளும் அவங்க கூடவே வந்துடுது. எங்க பேட்ச் பண்ணதையேதான் பண்றாங்கங்கறதால திட்டவும் மனசு வரல, திட்டாம இருக்கவும் முடியல. ஹெச்பிவிங்கற ஹ்யூமன் பாப்பிலோமா வைரஸால தொண்டைல வர்ற புத்துநோய் பத்தி மட்டும் இங்க எழுதறேன். புகையில பழக்கம் கேக்க மறக்கறது, டார்ச் அடிச்சு வாய்க்குள்ள பாக்காம விடறது மாதிரி தப்பெல்லாம் ரவுண்ட்ஸ்லயே சீனியர்கிட்ட வாங்கிக் கட்டிக்குவீங்க, அதனால அத விட்டுடறேன். டாக்டர் இல்லாதவங்களும் படிங்க, ஏன்னா இந்தக் கட்டி முதல்ல தட்டுப்படறது பெரும்பாலும் வீட்டுல கண்ணாடி முன்னாடி ஷேவிங் பண்ணும்போதுதான்.

ஹெச்பிவின்னா லேடீஸ் சமாச்சாரம்னு ஒதுக்கறது

கர்ப்பப்பை வாய் புத்துநோய்க்கும் ஹெச்பிவிக்கும் உள்ள தொடர்பக் கண்டுபிடிச்சதுக்கு ஹரால்ட் சுர் ஹவுசனுக்கு 2008ல நோபல் குடுத்தாங்க, அதோட எல்லார் மனசுலயும் இது கைனகாலஜி டிபார்ட்மென்ட் வைரஸ்னு பதிஞ்சு போச்சு. அதே ஹெச்பிவி 16 டைப்தான் டான்சில்லயும் நாக்கோட அடிப்பகுதியிலயும் போய் உக்காருது. அங்க இருக்க திசு குழிகுழியா ஆழமா உள்ள போகும், வைரஸ் நுழையறதுக்கு ரொம்ப வசதி. நுழைஞ்ச பெரும்பாலான வைரஸ உடம்பே ஒண்ணு ரெண்டு வருஷத்துல வெளிய தள்ளிடும். தள்ள முடியாம ஒட்டிக்கிட்ட கொஞ்சப் பேருக்குத்தான் பிரச்சினை. வைரஸோட ஈ6 புரதம் செல் பெருகாம பிரேக் போடற பி53ங்கற நம்ம புரதத்த அழிக்கும், ஈ7 புரதம் அதே மாதிரி ஆர்பிங்கற இன்னொண்ணக் கட்டிப்போடும், ரெண்டு பிரேக்கும் போனதுக்கப்புறம் செல்லு இஷ்டத்துக்குப் பெருகும். இதுக்கு பத்து இருவது வருஷம், சில பேருக்கு அதுக்கு மேலயும் ஆகும். அமெரிக்காவுல இப்ப ஹெச்பிவியால வர்ற புத்துநோய்ல கர்ப்பப்பை வாய விட தொண்டைதான் அதிகம், அதுலயும் ஆம்பளைங்கதான் அதிகம்.

நம்ம ஊர்ல கத வேற. பீடி, சிகரெட், ஹான்ஸ், வெத்தல பாக்கு, சாராயம், இதுங்கதான் இன்னும் முக்கால்வாசி வேலையப் பாக்குது. ஹெச்பிவி கேஸ் கம்மி. கம்மிங்கறதாலதான் வரும்போது கோட்ட விடறோம்.

கழுத்துக் கட்டின்னதும் டிபி மாத்திரைய ஆரம்பிக்கறது

இதத்தான் எழுதணும்னு உக்காந்தேன், மத்ததெல்லாம் கூட வந்தது.

ஒரு வாத்தியார். அம்பது தாண்டுன வயசு, பீடி சிகரெட் கிடையாது, வெத்தல கிடையாது, கல்யாண வீட்டுல கூட குடிக்க மாட்டார்னு அவர் சம்சாரம் பெருமையா சொன்னாங்க. தாடைக்குக் கீழ கழுத்துல ஒரு கட்டி, வலியே இல்ல, ஜுரமும் இல்ல. அவங்க ஊர்ல ஒரு ஆஸ்பத்திரில ஊசி போட்டு எடுத்திருக்காங்க, பழுப்பா தண்ணி வந்திருக்கு, எடுத்ததும் கட்டி வத்திடுச்சு, எல்லாருக்கும் சந்தோஷம். ரிப்போர்ட்ல என்ன இருக்கு? "நெக்ரோடிக் மெட்டீரியல் (செத்த திசு), டிபியா இருக்கலாம்." டிபில வழக்கமா தெரியற கிரானுலோமா செல் கூட்டம் இல்ல, கிருமியும் தெரியல, டிபி கிருமியோட மரபணுவத் தேடுற சிபிநாட் டெஸ்ட்டுக்கு அனுப்பவே இல்ல, நெஞ்சு எக்ஸ்ரே நார்மல். இருந்தும் ஆறு மாச டிபி கோர்ஸ் ஆரம்பிச்சாச்சு. ரெண்டு மாசத்துல கட்டி மறுபடி பெருசாச்சு, அதுக்கும் பதில் ரெடியா இருக்கு, டிபி மருந்து சாப்பிடும்போது கட்டி கொஞ்சம் வீங்கறது உண்டு, பாரடாக்சிக்கல் ரியாக்‌ஷன், பயப்படாதீங்கன்னு ஸ்டீராய்டும் சேத்து எழுதியிருக்காங்க. அந்த ரியாக்‌ஷன் நெசமாவே இருக்கு, நான் மறுக்கல, ஆனா அது டிபின்னு நிரூபிச்ச ஆளுக்குச் சொல்ல வேண்டிய பதில், நிரூபிக்காத ஆளுக்கு இதச் சொல்லிச் சொல்லித்தான் ஆறு மாசத்த ஓட்டிடறோம்.

ஆறு மாசம் முடிஞ்சும் கட்டி அப்படியே நிக்க, இன்னொரு இடத்துல ஸ்கேன் பண்ணி, உள்ள நீர் இருக்கு, இது பிராங்கியல் சிஸ்ட்னு சொல்லி அறுத்து எடுத்துட்டாங்க. பயாப்சி ரிப்போர்ட் ஸ்குவாமஸ் செல் கார்சினோமான்னு, அதாவது கேன்சர்னு வந்துச்சு. அதுக்கப்புறம்தான் எங்ககிட்ட வந்தார். கழுத்துக்குக் குறுக்கால ஒரு தழும்பு, உள்ள எல்லாம் ஒட்டிப்போய் கல்லு மாதிரி. வலது டான்சில்ல விரல வெச்சு அழுத்துனேன், கீழ் முனைல கெட்டியா சுண்டைக்காய் அளவுக்கு ஒண்ணு. அவ்வளவுதான் மூலம். வந்த முதல் நாளே யாராவது கையுறை போட்டு வாய்க்குள்ள விரல விட்டிருந்தா தெரிஞ்சிருக்கும்.

இதுல எனக்கு எரிச்சல் வர்றது எதுக்குன்னா, நடந்த ஒவ்வொரு தப்புக்கும் தனித்தனியா ஒரு நியாயம் இருக்கு. நம்ம நாட்டுல கழுத்துக் கட்டின்னா டிபிய நினைக்கணும், சரி. நீர்க்கட்டின்னா சிஸ்ட நினைக்கணும், அதுவும் சரி. ஆனா டான்சில் ஹெச்பிவி கேன்சர் நெறிகட்டிக்குப் பரவும்போது உள்ள நீர் கோத்துக்கும், இதுதான் அதோட குணம். ஊசி நீர உறிஞ்சும், செல் வராது, ரிப்போர்ட்ல ஒண்ணும் இருக்காது. பிராங்கியல் சிஸ்ட் பிறவிக் கோளாறு, இருவது முப்பது வயசுல தலகாட்டுற சாமான், அம்பது வயசு ஆளுக்கு புதுசா வந்திருக்குன்னா எங்கயோ இடிக்கணும். நாப்பது தாண்டுனவங்க கழுத்துல இருக்க நீர்க்கட்டி, இல்லன்னு நிரூபிக்கற வரைக்கும் கேன்சர்தான். பெரியவங்க கழுத்துக் கட்டிக்குன்னு அமெரிக்க இஎன்டி சங்கம் 2017ல போட்ட வழிகாட்டியும் அதான் சொல்லுது, நீர் இருக்குங்கறதால சாதாக் கட்டின்னு முடிவு பண்ணாத, ஊசி டெஸ்ட் பண்ணாம கத்திய எடுக்காத.

என்ன பண்ணணும்னா, அல்ட்ராசவுண்ட் பாத்துக்கிட்டே கட்டியோட கெட்டியான ஓரத்துல இருந்து ஊசி எடுங்க, தண்ணி மட்டும் வந்தா அத முடிவா எடுத்துக்காதீங்க, திரும்ப எடுங்க, தேவைன்னா தடிச்ச ஊசியால திசுத் துண்டு எடுக்கற கோர் பயாப்சி போங்க. அதே சாம்பிள்ல சிபிநாட்டும் அனுப்புங்க, டிபின்னு வந்தா தாராளமா மாத்திரை குடுங்க. எண்டோஸ்கோப் விட்டுப் பாருங்க, அதோட விரலாலயும் டான்சில், நாக்கு அடிய அழுத்திப் பாருங்க. கண்ணால மட்டும் பாத்துட்டு தொண்டை கிளியர்னு எழுதறது, கிணத்துல விழுந்த காச மேல நின்னு எட்டிப்பாத்துட்டு இல்லன்னு சொல்ற மாதிரி. ஊசில கேன்சர்னு வந்தும் மூலம் தெரியலையா, கேன்சர் எங்க இருக்குன்னு தேடுற பெட் சிடி ஸ்கேன் எடுத்துட்டு மயக்கம் குடுத்து அந்தப் பக்க டான்சில முழுசா எடுத்து அனுப்புங்க, ஓரத்துல கிள்ளி ஒரு துண்டு எடுத்தா குழிக்குள்ள இருக்கறது தப்பிச்சுடும்.

பேஷன்ட்டா படிக்கறவங்களுக்கு: மூணு வாரம் தாண்டியும் கழுத்துக் கட்டி போகலன்னா தொண்டைய உள்ள பாக்கற ஒரு டாக்டர்கிட்ட போங்க. டிபி மாத்திரை எழுதுனா, டிபி கிருமி டெஸ்ட்ல வந்துச்சா சார்னு கேளுங்க. கோவிச்சுக்கிட்டா கோவிச்சுக்கட்டும்.

கட்டி கரையலன்னு ரெண்டாவது கோர்ஸ் ஆன்டிபயாடிக் எழுதறது

ஜுரம் இல்ல, வலி இல்ல, செவப்பு இல்ல. எதுக்கு?

எல்லா வாய்ப் புத்துநோய்க்கும் பி16 எழுதறது

ஹான்ஸ் வெச்சு வெச்சு கன்னத்துல வந்த புண்ணுக்குப் பி16, அதாவது ஹெச்பிவி இருக்கான்னு மறைமுகமா காட்டுற சாய டெஸ்ட் கேட்டு ஃபார்ம் வருது. அங்க அது பாசிட்டிவ்னு வந்தாலும் சிகிச்சை மாறப் போறதில்ல, பேஷன்ட் காசுதான் போகும். டான்சில், நாக்கு அடி, மென் அண்ணம், தொண்டைப் பின்சுவர், அப்புறம் மூலம் தெரியாத மேல் கழுத்துக் கட்டி, இதுக்கெல்லாம் கேளுங்க. செல்லுல 70 சதவீதத்துக்கு மேல நல்லா அடர்த்தியா சாயம் ஏறுனாதான் பாசிட்டிவ், பேத்தாலஜிஸ்ட் "ஃபோக்கல்"னு எழுதியிருந்தா அத பாசிட்டிவ்னு படிக்காதீங்க.

பி16ங்கறது வைரஸோட நிழல், வைரஸ் இல்ல. 7654 பேர் கேஸ ஒண்ணாச் சேத்துப் பாத்து 2023ல லான்செட் ஆன்காலஜில வந்த ஆய்வுல, பி16 ஒண்ணு சொல்ல ஹெச்பிவி டெஸ்ட் வேற சொன்னவங்க 9.2 சதவீதம். ரெண்டுமே பாசிட்டிவ்வா இருந்தவங்கள்ல அஞ்சு வருஷம் உயிரோட இருந்தது 81 சதவீதம், பி16 மட்டும் பாசிட்டிவ்வா இருந்தவங்கள்ல 55 தான். ஹெச்பிவி கம்மியா இருக்க ஊர்லதான் இந்த முரண் அதிகம்னும் அதே ஆய்வு சொல்லுது, அதாவது நம்மள மாதிரி ஊர்ல. முடிஞ்சா பி16 பாசிட்டிவ் கேஸுக்கு ஹெச்பிவி டிஎன்ஏ இல்ல ஆர்என்ஏ டெஸ்டும் பண்ணிடுங்க.

ஸ்டேஜ் 1னு பாத்துட்டு மருந்தக் குறைக்கிறது

கேன்சருக்கு ஸ்டேஜ் பிரிக்கற பழைய ஏஜேசிசி புக்குப்படி நாலு சென்டிமீட்டர் கழுத்துக் கட்டியோட வர்ற டான்சில் கேஸ் ஸ்டேஜ் 4. எட்டாவது எடிஷன் வந்ததுக்கப்புறம் அதே ஆள் பி16 பாசிட்டிவ்னா ஸ்டேஜ் 1. ஆளும் அதே, கட்டியும் அதே. இது இவங்க நல்லாப் பொழைக்கறாங்கன்னு சொல்ற நம்பர், கம்மியா ட்ரீட் பண்ணச் சொல்ற நம்பர் கிடையாது. ரேடியேஷனோட குடுக்கற சிஸ்பிளாட்டின்ங்கற கீமோ மருந்துக்குப் பதிலா செடுக்சிமாப்ங்கற மருந்து குடுத்தா சைட் எஃபெக்ட் கம்மியாகும்னு ஆசைப்பட்டு ஆர்டிஓஜி 1016 ட்ரயல் நடத்துனாங்க, அஞ்சு வருஷத்துல சிஸ்பிளாட்டின் பக்கம் உயிரோட இருந்தது 84.6 சதவீதம், செடுக்சிமாப் பக்கம் 77.9. கிட்னியும் காதும் தாங்குற ஆளுக்கு 70 கிரே ரேடியேஷனும் சிஸ்பிளாட்டினும்தான் இன்னைக்கும் கணக்கு. பீடி குடிக்கிறவர்னா இந்த நல்ல நம்பரையும் அப்படியே சொல்லாதீங்க, ஹெச்பிவி இருந்தாலும் புகை அதக் கெடுத்துடும்.

சொந்தக்காரங்க கூட்டத்துல வெச்சு காரணம் சொல்றது

ஒரு பிஜி தம்பி, ரொம்ப நல்ல பையன், ரூம்ல மச்சான், மருமகன், பெரியப்பா பையன் எல்லாரும் நிக்கும்போது "இது செக்ஸ் மூலமா வர்ற வைரஸ்மா"ன்னு ஒரே போடா போட்டுட்டான். அந்தம்மா வீட்டுக்காரர ஒரு பார்வ பாத்தாங்க பாருங்க. அதுக்கப்புறம் ரேடியேஷன் முடியற வரைக்கும் அவருக்குத் துணைக்கு வந்தது மருமகன் மட்டும்தான்.

மொதல்ல பேஷன்ட்ட தனியா உக்கார வெச்சுச் சொல்லுங்க, யாருக்குச் சொல்லணும்னு அவரையே முடிவு பண்ண விடுங்க. இது ரொம்ப சாதாரணமா பரவுற வைரஸ், வாழ்க்கைல ஏதோ ஒரு கட்டத்துல பெரும்பாலானவங்களுக்கு உடம்புல வந்துட்டுப் போயிருக்கும், எப்ப வந்துச்சு யார்கிட்ட இருந்து வந்துச்சுன்னு எந்த டெஸ்ட்டும் சொல்லாது, கல்யாணத்துக்கு முன்னாடி வந்ததாவும் இருக்கலாம், அந்தம்மாகிட்ட இருந்தே வந்ததாவும் இருக்கலாம். ஒரே தட்டுல சாப்பிட்டா பேரப்புள்ளைக்கு ஒட்டுமான்னு கேப்பாங்க, ஒட்டாதுன்னு தெளிவா சொல்லுங்க, இல்லன்னா அவருக்குன்னு தனி டம்ளர் வெச்சிருவாங்க.

மனைவிக்கு தொண்ட டெஸ்ட் எழுதிக் குடுக்கறது

வேண்டாம். வழக்கமா பண்ண வேண்டிய கர்ப்பப்பை வாய் ஸ்க்ரீனிங்க பண்ணிக்கச் சொல்லுங்க, போதும்.

வேக்சின கேன்சர் வந்த ஆளுக்கு மருந்தா நினைக்கறது

அடிக்கடி கேக்கறாங்க, அப்பாவுக்குப் போடலாமா சார்னு. உள்ள வந்துட்ட வைரஸ அது வெளியேத்தாது, கட்டியக் கரைக்காது. கூட வந்த பையனுக்குப் போடலாமான்னு யாரும் கேக்கறதில்ல, அதான் சரியான கேள்வி. 2022ல அனுமதி வாங்குன நம்ம நாட்டு செர்வாவாக்ல 16, 18, 6, 11 நாலு டைப்பும் இருக்கு, பசங்க பொண்ணுங்க ரெண்டு பேருக்கும் 9ல இருந்து 26 வயசு வரைக்கும் போடலாம். 14 வயசுக்குள்ளன்னா ஆறு மாச இடைவெளில ரெண்டு டோஸ், அதுக்கு மேலன்னா மூணு. தொண்டைக்கு பேப் ஸ்மியர் மாதிரி முன்கூட்டியே புடிக்கிற டெஸ்ட் எதுவும் கிடையாது, அதனால டிஸ்சார்ஜ் சம்மரி குடுக்கும்போதே பேரன் பேத்தி வயசக் கேட்டு ஒரு வரி சேத்து எழுதிடுங்க.