கிளாரினெட்: காது கேட்கிறது, பர்ஸ் அழுகிறது

ரீடை (ஊதும்போது அதிரும் மெல்லிய நாணல் பட்டை) நனைக்காமல் மாட்டுவது, கன்னத்தை உப்பவைத்து ஊதுவது இதையெல்லாம் எந்த வாத்தியாரும் முதல் வாரமே சொல்லிவிடுவார். நான் சொல்ல வருவது ரசனையால் வரும் தவறுகள். ஜாஸையோ மேற்கத்திய செவ்வியலையோ கேட்டு மயங்கிக் கிளாரினெட் எடுப்பவர்கள், அன்று நான் அடித்த அதே கூத்தைத் திரும்ப அடிக்கிறார்கள்.

பிடித்தவரின் தொனியைக் கடையில் வாங்கப் பார்ப்பது

இன்னும் எனக்கு எரிச்சல் மூட்டுவது இதுதான். ஜாஸ் கிளாரினெட் கலைஞர் பென்னி குட்மேன் பிடித்துப்போகும். சரி, யாருக்குத்தான் பிடிக்காது? உடனே 'ஜாஸ் மவுத்பீஸ்' (வாயில் வைத்து ஊதும், ரீட் மாட்டும் பகுதி) என்று நுனி அகலத் திறந்த ஒன்றை வாங்குவார்கள், கூடவே கனமான ரீட் போட்டால் தொனி பெரிதாகும் என்று யாரோ சொன்னதை நம்பி 4-ஆம் எண் ரீடும் (எண் கூடக்கூட ரீட் கனம்). ரீட் நுனிக்கும் மவுத்பீஸ் நுனிக்கும் நடுவில் இருப்பது ஏறக்குறைய ஒரு மில்லிமீட்டர் சந்து. அது அகன்றால் ரீட் அதிக தூரம் அசைய வேண்டும், அதனால் மெல்லிய ரீட்தான் பொருந்தும். கனமானதை மாட்டினால் பாதிக் காற்று 'உஸ்ஸ்' என்று வீணாகும், மீதியை ஒலியாக்க உதட்டைக் கடித்தே ஆக வேண்டும்.

சமீபத்தில் ஒரு பையன் இப்படித்தான் வந்தான். கீழுதட்டின் உள்பக்கம் வரிசையாகப் பல் தடம், சுருதி எப்போதும் மேலேறியே நிற்கிறது. அவனுடைய பழைய சாதாரண மவுத்பீஸில் இரண்டரை எண் ரீடை மாட்டி, அடியில் இருக்கும் ஈ சுரத்தை நீளமாக ஊதச் சொன்னேன். அறை நிறைந்தது. "அண்ணா, இது ஜாஸ் மாதிரி இல்லையே" என்கிறான்! புதியதன் விலையைக் கேட்டதும் எனக்குத்தான் வயிறு எரிந்தது.

குட்மேனையே பாருங்கள். 1938 ஜனவரியில் கார்னகி ஹாலை ஸ்விங்கால் அதிரவைத்தவர், அதே ஆண்டு புடாபெஸ்ட் குவார்ட்டெட் என்ற தந்தி வாத்தியக் குழுவோடு மோட்சார்ட்டின் கிளாரினெட் குவின்டெட்டைப் பதிவு செய்தார். அப்புறம் நாற்பது வயதுவாக்கில், உலகப் புகழோடு இருக்கும்போதே, கிளாரினெட் கலைஞர் ரெஜினால்ட் கெல்லிடம் மாணவராகப் போய், மேற்பல்லை மவுத்பீஸில் பதிக்காமல் இரண்டு உதட்டாலும் கவ்வும் முறைக்கு மாறினார். அவர் உதட்டில் கைவைத்தார், நம் ஆட்கள் பர்ஸில் கைவைக்கிறார்கள்.

ஜாஸ் என்றால் அதிர்வு, செவ்வியல் என்றால் நேர்கோடு

அந்தக் கெல் செவ்வியல்காரர், ஆனால் வைப்ரேட்டோ, அதாவது தொனியில் அதிர்வு, போட்டே ஊதுவார். என் காதுக்கு அவருடைய பிராம்ஸில் இனிப்பு கொஞ்சம் கூடுதல். இன்னொரு செவ்வியல்காரர் கார்ல் லைஸ்டரின் அசையாத தொனிதான் எனக்குப் பிடிக்கும். ஜாஸ் பக்கம் வந்தால், ஜிம்மி ஜுஃப்ரி கீழ்ஸ்தாயியிலேயே, காற்று கலந்து, ரகசியம் பேசுவது போல ஊதியிருக்கிறார். இதில் எதை எந்தக் கட்டத்தில் அடைப்பீர்கள்?

ஆல்பர்ட் சிஸ்டம் தேடி அலைவது

அது பழைய சாவி அமைப்புள்ள கிளாரினெட். ஜாஸ் கலைஞர் சிட்னி பெஷே அதில் வாசித்தார்தான். நீங்கள் வேண்டாம்.

'ராப்சடி இன் ப்ளூ' தொடக்கத்தை முதல் மாதமே முயல்வது

அந்தத் தொடக்கத்துக்கு இசையமைப்பாளர் கெர்ஷ்வின் எழுதியது சுரம் சுரமாக ஏறும் சாதாரண ஓட்டம். 1924-இல் ஒத்திகையின்போது அதை வழுக்கி ஊதியவர் ராஸ் கார்மன். விரலைவிட நாக்கும் தொண்டையும் செய்யும் வேலை அது. கர்நாடக இசையைக் கிளாரினெட்டில் வாசித்த ஏ.கே.சி. நடராஜனைக் கேட்டுப் பழகிய காதுக்குக் கிளாரினெட் வழுக்குவதில் அதிசயம் ஒன்றுமில்லை, ஆனால் கேட்பது வேறு, ஊதுவது வேறு.

பழைய இசைத்தட்டின் ஒலியைத் தொனி என்று நம்புவது

1923-இல் கிங் ஆலிவரின் ஜாஸ் குழுவில் ஜானி டாட்ஸ் ஊதியது மைக்கே இல்லாமல், கூம்பு வழியாகப் பதிவானது. அந்த மெலிந்த ஒலியில் பெரும்பங்கு கூம்பின் வேலை. அதை நகலெடுக்கத் தொண்டையை இறுக்காதீர்கள். மைக் வந்த பிறகு, 1930-இல் எலிங்டன் குழு பதிவு செய்த 'மூட் இண்டிகோ'வைக் கேளுங்கள். ட்ரம்பெட்டுக்கும் ட்ராம்போனுக்கும் கீழே இறங்கி நிற்கிறது பார்னி பிகார்டின் கிளாரினெட்.