கோடியக்கரைக்குக் காரில் கிளம்பும் நண்பர்கள் செய்யும் தவறுகள்

சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே கிளம்பும் நண்பர்கள் பலரும் ஒரே மாதிரிதான் திட்டம் போடுகிறார்கள். சனிக்கிழமை காலை மாமல்லபுரம், மதியம் பிச்சாவரம், இரவு வேளாங்கண்ணி, ஞாயிறு வேதாரண்யத்தை அடுத்த கோடியக்கரை வனவிலங்குச் சரணாலயம், முடிந்தால் அப்படியே தனுஷ்கோடி. கோடியக்கரையே சென்னையிலிருந்து 300 கிலோமீட்டருக்கு மேல். அங்கிருந்து தனுஷ்கோடி இன்னும் 200 கிலோமீட்டருக்கு மேல். இப்படிப் போனால் பார்ப்பதெல்லாம் சாலையும் டீக்கடையும்தான். இரண்டு நாள்தான் கையில் இருக்கிறது என்றால் கோடியக்கரையை மட்டும் வைத்துக்கொள்ளுங்கள், வழியில் பிச்சாவரம் போதும். மற்றதை விட்டுவிடுவதில் எந்த நஷ்டமும் இல்லை.

அடுத்தது, போகும் காலம். தீபாவளி விடுமுறை சேர்ந்து வருகிறதே என்று நவம்பரில் கிளம்புகிறார்கள். வடகிழக்குப் பருவமழையும் புயலும் இந்தக் கரையைத் தாக்கும் மாதம் அது. 2018 நவம்பரில் கஜா புயல் கரையைக் கடந்ததே நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் நடுவில்தான். மே மாதம் போனால் மழைத் தொல்லை இல்லை, ஆனால் வலசை வந்த பறவைகளில் பெரும்பாலானவை கிளம்பிப் போயிருக்கும். பொங்கல் முடிந்து பிப்ரவரி வரையிலான வாரங்கள்தான் சரியானவை. மழை ஓய்ந்திருக்கும், சதுப்பில் தண்ணீர் இருக்கும், பூநாரைகளும் (ஃபிளமிங்கோ) இருக்கும்.

நேரத்தில்தான் பெரும்பாலோர் கோட்டை விடுகிறார்கள். வேளாங்கண்ணியில் நல்ல ஹோட்டலாகப் பார்த்துத் தங்கி, எழுந்து, குளித்து, டிபன் முடித்துக் கிளம்பினால் சரணாலயம் சேரும்போது பதினோரு மணி. வெயில் ஏறியதும் வெளிமான்கள் புதர் நிழலுக்குப் போய்விடும். "என்னடா மச்சான், ஒண்ணுமே இல்ல" என்று திரும்பும் கார்களெல்லாம் இந்த நேரத்துக் கார்கள்தான். 1967-ல் இந்தச் சரணாலயத்தை அமைத்ததே வெளிமானுக்காக. அதைப் பார்க்காமல் வருவது வருத்தம். வேதாரண்யத்திலேயே தங்குங்கள், அறை சுமாராக இருந்தாலும் பரவாயில்லை. அங்கிருந்து பத்துப் பன்னிரண்டு கிலோமீட்டர்தான். சோதனைச்சாவடி எத்தனை மணிக்குத் திறக்கும் என்று முதல் நாளே வனத்துறையிடம் கேட்டுக்கொண்டு, முதல் ஆளாக உள்ளே போங்கள்.

காலை இளவெயிலில் புல்வெளியில் மந்தை மேய்ந்துகொண்டிருக்கும். வயது வந்த கிடாவுக்கு முதுகு கருகருவென்றும் வயிறு வெள்ளையாகவும் இருக்கும். கண்ணைச் சுற்றி வெள்ளை வளையம், தலையில் முறுக்கிய கொம்பு. பெண் மானும் குட்டியும் வெளிர் பழுப்பு. கார் மெதுவாக வந்து நின்றால் தலையைத் தூக்கிப் பார்த்துவிட்டு மறுபடி மேயத் தொடங்கிவிடும். யாராவது ஒருவர் செல்போனோடு இறங்கி நாலு எட்டு வைத்தால் போதும், மொத்த மந்தையும் துள்ளிப் பாய்ந்து ஓடிவிடும். ஆகவே இறங்காதீர்கள். பாட்டை நிறுத்துங்கள், கதவை அறைந்து சாத்தாதீர்கள். மந்தை பழகக் கால் மணி நேரம் கொடுங்கள்.

வேதாரண்யத்திலிருந்து போகும் வழியில் அகஸ்தியம்பள்ளி. 1930-ல் ராஜாஜி தலைமையில் உப்பு அள்ளிய இடம். அதைச் சுற்றி இன்றும் உப்பளம்தான். இங்கே காரைச் சாலையை விட்டு இறக்குவது பெரிய தவறு. மேலே வெள்ளையாகக் காய்ந்து இறுகிய தரை போலத் தெரியும், அடியில் களிமண் சேறு. சக்கரம் புதைந்துவிட்டால் ஆக்ஸிலேட்டரை மிதிக்க மிதிக்க இன்னும் இறங்கும். பிறகு டிராக்டர் தேடி அலைய வேண்டியதுதான்.

பூநாரைகள் பெரும்பாலும் தூரத்தில்தான் நிற்கும். தலையைக் கவிழ்த்து, அலகைத் தண்ணீருக்குள் விட்டு இரை வடிகட்டிக்கொண்டிருக்கும். எட்டு மடங்கு பெரிதாக்கும் பைனாகுலர் ஒன்று, கூட்டத்துக்கு ஒன்று இருந்தாலும் போதும், கரையிலிருந்தே நன்றாகப் பார்க்கலாம். அதை விட்டுவிட்டுக் கூட்டம் பறக்கும் படம் வேண்டுமென்று கல்லெறிவதும் கைதட்டுவதும் டிரோன் விடுவதும் நடக்கிறது. இதைக் கண்டால் மனம் கொதிக்கிறது. அதே சேற்றில் மேயும் சிறு உள்ளான் பறவைகளில் பல வடதுருவத்தை ஒட்டிய நிலங்களிலிருந்து வந்தவை. வேனில் தொடங்குமுன் மறுபடி அவ்வளவு தூரம் பறக்க இங்கேதான் கொழுப்புச் சேர்க்கின்றன. ஒவ்வொரு முறை விரட்டும்போதும் சேர்த்ததில் கொஞ்சம் வீணாகிறது. பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகம் பல பத்தாண்டுகளாக இங்கே பறவைகளின் காலில் வளையமிட்டு ஆராய்வதும் இந்த வலசையை அறியத்தான்.

குரங்குக்குச் சிப்ஸ் கொடுக்காதீர்கள். அடுத்த வண்டியை அது மறித்து நிற்கும். கடற்கரைக் கடைகளில் பவளப்பாறைத் துண்டு விற்றால் வாங்காதீர்கள். 1972 வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டப்படி அதை வைத்திருப்பதே குற்றம்.

பிச்சாவரத்தில் மோட்டார் படகு சீக்கிரம் சுற்றிக் காட்டும். ஆனால் அலையாத்திக் காட்டின் குறுகிய கால்வாய்களுக்குள் போவது துடுப்புப் படகு. சத்தம் இல்லாததால் வேர்களுக்கு நடுவே நிற்கும் கொக்கையும் மீன்கொத்தியையும் பக்கத்திலேயே பார்க்கலாம். வெயில் தாழ்ந்த பிறகு ஏறுவதானால் கடைசிப் படகு எப்போது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

திரும்பும்போது இரவில் ஓட்ட வேண்டாம். நாகை பக்கம் மாடுகள் தார்ச்சாலையிலேயே படுத்திருக்கும். அறுவடை சமயமானால் பாதிச் சாலையில் நெல் காயப்போட்டு, ஓரத்தில் கல் வைத்திருப்பார்கள். ஹெட்லைட் வெளிச்சத்தில் அந்தக் கல் கடைசி நொடியில்தான் தெரியும். ஞாயிறு மதியச் சாப்பாடு முடிந்ததும் கிளம்பி, ஓட்டத் தெரிந்த இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுங்கள். இருட்டிவிட்டால் புதுச்சேரியில் தங்கிவிட்டுத் திங்கள் விடியலில் புறப்படலாம்.