துவைக்க முடியாத மெத்தை, கடித்தால் பிரியும் பொம்மை: காப்பகத்துக்குச் செய்யும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

விலங்குக் காப்பகத்துக்குக் கையால் ஏதாவது செய்து கொடுக்கலாம் என்று தோன்றியதும், வீட்டில் மிச்சமிருக்கும் துணியையும் நூலையும் எடுத்து வைத்துக்கொண்டு உட்கார்ந்துவிடுகிறோம். நல்ல மனசுதான். ஆனால் அப்படிச் செய்து அனுப்பும் பொருட்களில் கணிசமானவை அலமாரியிலேயே தங்கிவிடுகின்றன. சில நேரம் விலங்குக்கு ஆபத்தாகவும் முடிகின்றன.

ஒரு பொருள் பயன்படுமா என்பதை முடிவு செய்வது இரண்டு தரப்பு. ஒன்று, தினமும் அழுக்கு விரிப்புகளை அள்ளிக்கொண்டு போய்த் துவைக்கும் பணியாளர். இன்னொன்று, அதைக் கடித்து, பிராண்டி, அதன்மேலேயே சிறுநீர் கழிக்கும் நாயோ பூனையோ. இவர்களை மறந்துவிட்டு அழகாக இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும்போதுதான் பெரும்பாலான தவறுகள் நடக்கின்றன.

கேட்காமல் செய்யத் தொடங்குவது

முதலில் காப்பகத்துக்கு ஒரு போன் செய்யுங்கள். இப்போது என்ன தேவை, கூண்டின் தரை அளவு என்ன, துணியை மெஷினில் துவைக்கிறார்களா கையால் துவைக்கிறார்களா, எதையெல்லாம் வாங்கிக்கொள்வதில்லை: இந்த நான்கையும் கேட்டாலே பாதி வேலை முடிந்தது. சில இடங்களில் விரிப்பு குவிந்து கிடக்கும், பூனை ஒளிந்துகொள்ள மறைவிடம்தான் இருக்காது. வேறு சில இடங்களில் குட்டிகளுக்கான சின்ன விரிப்புக்குத்தான் தட்டுப்பாடு.

எண்ணிக்கையையும் கேட்பது நல்லது. 2015 ஜனவரியில் ஆஸ்திரேலியக் காட்டுத்தீயில் பாதம் வெந்த கோலாக்களுக்கு, மருந்துக் கட்டின் மேல் மாட்டப் பருத்தித் துணியில் உறைகள் தைத்து அனுப்புமாறு சர்வதேச விலங்கு நல அமைப்பு ஒன்று கேட்டது. உலகம் முழுவதிலுமிருந்து பார்சல்கள் வந்து குவிந்தன. கோலா உறை போதும், கங்காருக் குட்டிகளுக்குப் பை தைத்துக் கொடுங்கள் என்று சில நாட்களிலேயே அவர்கள் சொல்ல வேண்டியதாயிற்று. 2019-20 காட்டுத்தீயின்போதும் இதேபோல் கையால் செய்த பொருட்கள் வந்து நிறைந்தன. பழைய செய்தி ஒன்றைப் பார்த்துவிட்டு இன்று உட்கார்ந்து ஐம்பது உறை தைத்தால், அதைப் பிரித்து அடுக்கி வைக்கவே அங்கே ஒருவர் ஒரு நாளைச் செலவழிக்க வேண்டியிருக்கும். அந்த ஒரு நாளை விலங்குகளிடமிருந்துதான் எடுத்துக்கொள்கிறோம்.

துவைக்க முடியாததைச் செய்வது

அதிகம் நடக்கும் தவறு இதுதான். காப்பகத் துணி, வீட்டு நாயின் மெத்தை மாதிரி வாரம் ஒருமுறை துவைக்கப்படுவதில்லை. ஒரே நாளில் இரண்டு முறை மாற்ற வேண்டியிருக்கும். சுடுதண்ணீர், கடுமையான டிடர்ஜென்ட், பல இடங்களில் பிளீச்சும் உண்டு. இதற்குக் காரணம் இருக்கிறது. நாய்க்குட்டிகளைக் கொல்லும் பார்வோ வைரஸ் வெறும் சோப்புக்கு அடங்காது, சுற்றுப்புறத்தில் மாதக்கணக்கில் உயிரோடு இருக்கும். பூனைகளிடம் அதிகம் பரவும் படர்தாமரையின் வித்துகள் ஒன்றரை ஆண்டு வரைகூடத் தாக்குப்பிடிக்கும். அதனால் ஒரு விரிப்பை நோயுள்ள விலங்கு பயன்படுத்திவிட்டால், அதைக் கொதிக்கக் கொதிக்கத் துவைப்பார்கள், அல்லது குப்பையில் போட்டுவிடுவார்கள்.

இப்போது, அன்போடு பின்னிய கம்பளிப் போர்வையை யோசித்துப் பாருங்கள். சுடுதண்ணீரில் போட்டால் சுருங்கிக் கெட்டியாகிவிடும். பிளீச் பட்டால் கம்பளி கரையவே ஆரம்பித்துவிடும். பட்டும் அப்படித்தான். பஞ்சு அடைத்த தடிமனான மெத்தை மெஷினுக்குள் நுழையாது, நுழைந்தாலும் உள்ளே ஈரம் நின்று நாற்றமெடுக்கும். ஸ்பான்ஞ் சிறுநீரை உறிஞ்சிக்கொண்டால் அதன் கதை முடிந்தது. இறகு அடைத்த தலையணை கிழிந்தால் கூண்டு முழுக்க இறகு, சாக்கடை அடைப்பு.

நான் எப்போதும் சொல்வது, மெத்தை என்ற எண்ணத்தையே விட்டுவிட்டு விரிப்பாகச் செய்யுங்கள் என்றுதான். குளிர்காலப் போர்வை, ஸ்வெட்டர்களில் வரும் மெத்தென்ற பாலியஸ்டர் ஃபிலீஸ் துணி இதற்கு மிகவும் பொருத்தம். வெட்டிய ஓரத்தில் பிசிறு வராது, சீக்கிரம் காயும், வெதுவெதுப்பாகவும் இருக்கும். இரண்டு அடுக்கை வைத்துச் சுற்றிலும் இரட்டைத் தையல், நடுவில் குறுக்காக ஒரு தையல் போட்டால் அடுக்குகள் துவைக்கும்போது சுருண்டுகொள்ளாது. பழைய டீ-ஷர்ட்டின் பனியன் துணியும் நல்லதுதான். பின்ன வேண்டும் என்று ஆசைப்படுபவர்கள், மெஷினில் துவைக்கலாம் என்று உறையில் போட்டிருக்கும் அக்ரிலிக் நூலை எடுத்துக்கொள்ளலாம். அனுப்புவதற்கு முன் வீட்டில் இரண்டு மூன்று முறை முரட்டுத்தனமாகத் துவைத்துப் பாருங்கள். நம் வீட்டுத் துவையலிலேயே தையல் விட்டுப்போனால், அது அங்கே ஒரு வாரம்கூடத் தாங்காது.

கஷ்டப்பட்டுச் செய்தது குப்பைக்குப் போகிறதே என்று வருத்தம் வரும். அதற்காகவே எளிமையாகச் செய்வது நல்லது. ஒரு மாத உழைப்பில் ஒரு போர்வையைவிட ஒரு மாலைப்பொழுதில் நான்கு விரிப்பு. நோய் வந்த கூண்டின் துணியைத் தூக்கிப் போடலாமா என்று பணியாளர் ஒரு கணம்கூடத் தயங்கக் கூடாது. அந்தத் தயக்கத்தில் பக்கத்துக் கூண்டுக்குத் தொற்று போய்விடும்.

நூலும் நாடாவும் தொங்கவிடுவது

இதை நிதானமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் உயிர் போகிற தவறு இதுதான். பூனையின் நாக்கில் உள்நோக்கி வளைந்த சின்னச் சின்ன முட்கள் இருக்கின்றன. நூல், ரிப்பன், எலாஸ்டிக் போன்ற நீளமான எதுவும் அதில் மாட்டினால் பூனையால் எளிதில் துப்ப முடியாது, விழுங்கத்தான் முடியும். ஒரு முனை நாக்கின் அடியிலோ இரைப்பையின் வாயிலோ சிக்கிக்கொள்ள, மறுமுனை குடலுக்குள் போகும். குடல் அதைத் தள்ளப் பார்க்கும், முடியாது. நாடாவை இழுத்தால் பாவாடை இடுப்பு சுருங்குவது போலக் குடல் அந்த நூலின்மேல் ஏறிச் சுருண்டுகொள்ளும். நூல் குடல் சுவரை அறுத்துவிடவும் கூடும். அறுவைச் சிகிச்சைதான் வழி, அதுவும் நேரத்தோடு கண்டுபிடித்தால். வாயிலோ ஆசனவாயிலோ நூல் தெரிந்தால் யாரும் அதை இழுக்கக் கூடாது, நேராக மருத்துவரிடம் போக வேண்டும்.

இதனால்தான் பூனைப் பொம்மைக்கு ரிப்பன் வால், குஞ்சம், உல்லன் பந்து எதுவும் வேண்டாம். கயிறு கட்டிய குச்சி பொம்மை ஆள் கூட இருந்து விளையாட்டுக் காட்டும்போது மட்டும்தான். விளையாட்டு முடிந்ததும் பூட்டி வைக்க வேண்டும். பரபரப்பான காப்பகத்தில் அது நடக்கும் என்று நம்பி நான் அனுப்ப மாட்டேன். அதற்குப் பதிலாக, முன்கை நீளத்தில் ஃபிலீஸ் துணியால் ஓர் உருளை தைத்து, உள்ளே அதே துணியின் துண்டுகளை இறுக்கமாக அடைத்து, வாயை இரட்டைத் தையலில் மூடுங்கள். பூனை அதைக் கட்டிக்கொண்டு பின்னங்காலால் உதைக்கும், கடிக்கும், சந்தோஷமாக விளையாடும். உள்ளே, வாசனையால் பூனையை ஈர்க்கும் கேட்னிப் என்ற மூலிகையின் காய்ந்த இலையும் கொஞ்சம் சேர்க்கலாம். எல்லாப் பூனையும் அதற்கு மயங்குவதில்லை. குட்டிகள் பொதுவாகக் கண்டுகொள்வதே இல்லை. சில காப்பகங்கள் அது வேண்டாம் என்றும் சொல்லும்.

நாய்ப் பொம்மையிலும் இதே கவனம். பொத்தான் கண், மணி, பிளாஸ்டிக் மூக்கு எல்லாம் கடிபட்டுக் கழன்று வயிற்றுக்குள் போகும். முகம் வேண்டுமென்றால் நூலால் தட்டையாக எம்பிராய்டரி போடுங்கள், அதுவும் இல்லாவிட்டால் நாய் ஒன்றும் குறை சொல்லாது. அரிசி, பயறு அடைத்தால் ஈரத்தில் ஊறிப் பூஞ்சை பிடிக்கும். பசை வேண்டவே வேண்டாம். மரவேலைக்குப் பயன்படுத்தும் பாலியூரித்தேன் பசையை நாய் விழுங்கினால் அது இரைப்பைக்குள் நுரைத்துப் பெருகி, கெட்டிக் கட்டியாகிவிடும். பனியன் துணியை அகலப் பட்டைகளாக வெட்டி இறுக்கிச் சடைபின்னிய இழுவைப் பொம்மை நல்ல தேர்வு. ஆனால் கடித்தே தின்றுவிடும் நாய்க்கு எந்தத் துணிப் பொம்மையும் கூடாது. எந்த நாயானாலும் ஆள் பக்கத்தில் இருக்கும்போது மட்டும் கொடுக்கச் சொல்லி ஒரு சீட்டில் எழுதி வையுங்கள். பழைய சாக்ஸில் முடிச்சுப் போட்டுக் கொடுப்பதையும் தவிர்க்கலாம். சாக்ஸைக் கடிக்கலாம் என்று பழகிய நாய், தத்துப் போகும் வீட்டில் நல்ல சாக்ஸையும் விழுங்கும்.

இன்னொன்று, தைக்காமல் ஃபிலீஸ் ஓரங்களைக் கீற்றுக் கீற்றாக வெட்டி முடிச்சுப் போடும் போர்வை பிரபலமாக இருக்கிறது. பார்க்க அழகுதான். நாய்க்கோ அது கடித்துப் பிய்ப்பதற்கென்றே வைத்த குஞ்சங்கள். ஓரத்தை நேராக வெட்டி அப்படியே விட்டுவிடுங்கள்.

குட்டிகளுக்கும் அதே துணியைக் கொடுப்பது

பிறந்து சில வாரங்கள் வரை பூனைக்குட்டியாலும் நாய்க்குட்டியாலும் தன் உடல் சூட்டைத் தானே காத்துக்கொள்ள முடியாது. அதனால் மென்மையான, வெதுவெதுப்பான விரிப்பு அங்கே நிஜமாகவே உயிர் காக்கும் பொருள். ஆனால் குட்டியின் நகம் உள்ளிழுக்காது, எதிலும் மாட்டும். இழைவளையம் உள்ள குளியல் துண்டில் நகம் சிக்கிக்கொண்டு இழுத்துக்கொண்டே கிடக்கும். இடைவெளி விட்டுப் பின்னிய குரோஷே போர்வையின் ஓட்டைக்குள் காலோ தலையோ நுழைந்துவிடும். குட்டிக்கு என்றால் வழவழப்பான ஃபிலீஸ், சின்ன அளவு, நிறைய எண்ணிக்கை. பறவைக் குஞ்சுகளுக்குக் கூடு பின்னுபவர்களும் விரல் நுழையாத அளவுக்கு நெருக்கமாகப் பின்ன வேண்டும். பை மாதிரி தைப்பதாக இருந்தால் உள்பக்கத் தையல் விளிம்பில் ஓர் இழைகூடத் தொங்கக் கூடாது.

வாசனை, கழுத்துப்பட்டை, தின்பண்டம்

அலமாரியில் அந்துருண்டை போட்டு வைத்திருந்த துணியை அப்படியே எடுத்துத் தைக்காதீர்கள். நாப்தலீன் நாய்க்கும் பூனைக்கும் விஷம். வாசனை எண்ணெய் தெளிப்பதும் கூடாது. குறிப்பாக டீ ட்ரீ எண்ணெய் பூனைக்கு ஆபத்து, அதன் கல்லீரலால் இந்த மாதிரி பொருட்களைச் சரியாக வெளியேற்ற முடியாது. துவைக்கும்போது மென்மையாக்கும் திரவமும் சேர்க்க வேண்டாம், துணியின் ஈரம் உறிஞ்சும் தன்மை குறைந்துவிடும்.

புகைப்படத்தில் அழகாக இருக்கட்டும் என்று கழுத்தில் கட்டும் துணியைப் பலர் தைக்கிறார்கள். தத்துக்கு ஆள் தேடும் படத்துக்கு அது உதவும், மறுக்கவில்லை. இழுத்தால் தானாகக் கழன்றுவிடும்படி வெல்க்ரோ வையுங்கள். முடிச்சுப் போடும் வகை கூண்டுக் கம்பியில் மாட்டினால் கழுத்தை இறுக்கிவிடும். வீட்டில் செய்த தின்பண்டத்தைக் கேட்காமல் கொண்டு போகாதீர்கள். வெங்காயம், பூண்டு, திராட்சை, சாக்லேட், சைலிட்டால் என்ற செயற்கை இனிப்பு சேர்த்த எதுவும் நாய்க்கு நஞ்சு. என்ன போட்டிருக்கிறது என்று தெரியாததைப் பல காப்பகங்கள் வாங்குவதே இல்லை.

எளிய பொருளை ஒதுக்கிவிடுவது

தைக்கவே தெரியாதவர்களும் செய்யக்கூடிய ஒன்று இருக்கிறது, அதைத்தான் அதிகம் பேர் விட்டுவிடுகிறார்கள். நெதர்லாந்தில் ஒரு காப்பகத்தில் புதிதாக வந்த பூனைகளில் சிலவற்றுக்கு மட்டும் ஒளிந்துகொள்ளப் பெட்டி கொடுத்துப் பார்த்த ஆய்வு 2014-ல் வெளிவந்தது. பெட்டி கிடைத்த பூனைகளின் பதற்றம் முதல் சில நாட்களிலேயே மற்றவற்றைவிட நன்றாகக் குறைந்திருந்தது. அறிமுகமில்லாத இடத்தில், நாய் குரைக்கும் சத்தத்துக்கு நடுவே, பூனைக்கு முதலில் தேவைப்படுவது மறைவு.

அட்டைப்பெட்டியை எடுத்து, பூனை நுழையும் அளவுக்கு ஒரு பக்கம் வட்டமாக வெட்டுங்கள். ஸ்டேப்ளர் பின், ஒட்டிய டேப், பழைய லேபிள் எல்லாவற்றையும் உரித்துவிடுங்கள். வண்ணம் பூச வேண்டாம். அழுக்கானால் தூக்கிப் போட்டுவிட்டு அடுத்ததை வைக்கலாம் என்பதால் பணியாளருக்கும் நிம்மதி. மடித்துத் தட்டையாகக் கட்டிக் கொடுத்தால் இடமும் அடைக்காது.

அனுப்புவதற்கு முன் ஒவ்வொரு பொருளையும் கையால் நன்றாக அழுத்தித் தடவிப் பாருங்கள். தைக்கும்போது மாட்டிய குண்டூசி ஒன்று உள்ளே இருந்துவிட்டால் செய்த எல்லாமே வீண். ஒரு காந்தத்தை மேலே நகர்த்திப் பார்த்தாலும் இரும்பு ஊசி என்றால் தெரிந்துவிடும். பிறகு வாசனையில்லாத டிடர்ஜென்டில் துவைத்து நன்றாகக் காயவைத்து, பூனைக்கு, நாய்க்கு, குட்டிக்கு என்று தனித்தனிப் பையில் போட்டு, மேலே அளவும் எண்ணிக்கையும் துணியின் வகையும் எழுதுங்கள். பையைப் பிரிக்காமலே எந்தக் கூண்டுக்கு எது என்று அவர்களுக்குத் தெரிய வேண்டும். கொடுக்கும்போது, போன தடவை கொடுத்ததில் எது சீக்கிரம் கிழிந்தது என்று கேளுங்கள். துவைப்பவரிடமே கேட்டால் இன்னும் நல்லது.