இன்னும் 30 மில்லிதான், குடிச்சிடு கண்ணு

புதன்கிழமை தடுப்பூசிக்கு வரும் புதுத் தாய்மார்களைப் பார்த்தால் பிள்ளைகளுக்குப் பால் கொடுப்பதில் நான் அடித்த பழைய கூத்தெல்லாம் ஞாபகம் வருகிறது. செவிலியர் படிப்பு முடித்தவள் என்ற பெயர்தான். மூத்தவனிடம் அது எதுவும் எடுபடவில்லை. பாட்டிலைக் கொதிக்க வைப்பது போன்றவை உங்களுக்கே தெரியும், அதை விடுங்கள்.

நான்காம் மாதப் பதற்றம்

முதல் மூன்று மாதம் மளமளவென்று ஏறும் எடை, அப்புறம் நிதானமாகும். உலக சுகாதார நிறுவனத்தின் 2006ஆம் ஆண்டு வளர்ச்சி அட்டையில் ஆண் குழந்தைக்கான நடுக்கோடு (பாதிக் குழந்தைகள் இதற்கு மேலே, பாதி கீழே) பிறக்கும்போது 3.3 கிலோ, 3 மாதத்தில் 6.4, 6 மாதத்தில் 7.9. முதலில் ஏறியதில் பாதிதான் பிறகு ஏறுகிறது. தாய்ப்பால் குடித்த குழந்தைகளை எடைபோட்டுத் தயாரித்த அட்டை அது.

நான் அட்டையைப் பார்க்கவில்லை. பவுடர் பால் குடிக்கும் பக்கத்து வீட்டுக் குழந்தையின் தொடை மடிப்பைப் பார்த்தேன். என் பிள்ளை நாளுக்கு ஏழெட்டு முறை துணியை நனைத்தும், "பால் பத்தல" என்று முடிவு கட்டி பாட்டிலை எடுத்தேன்.

மார்பில் குடிக்கும் குழந்தை வயிறு நிறைந்தால் வாயை எடுத்துவிடும். மிச்சம் எவ்வளவு என்று யாருக்கும் தெரியாது. பாட்டிலில்தான் கோடு தெரிகிறதே! அவன் நாக்கால் ரப்பரைத் தள்ளுவான், முகத்தைத் திருப்புவான். நான் கன்னத்தைத் தட்டி, "இன்னும் 30 மில்லிதான்" என்று திரும்பத் திணிப்பேன். போதும் என்று சொல்லத் தெரிந்த பிள்ளை அது. பாட்டில் கூடக் கூட மார்பில் சப்புவது குறைந்து, பாலும் வற்றியது. ஏழாம் மாதத்தில் தாய்ப்பால் நின்றது. மூன்று வயதில் உயரத்துக்கேற்ற எடையில், அதிக எடை என்று காட்டும் மேல்கோட்டைத் தாண்டியிருந்தான். பாட்டில் மட்டுமே காரணம் என்று சொல்ல மாட்டேன். ஆனாலும் அந்த "30 மில்லி" இன்றும் எங்கள் தடுப்பூசி வராந்தாவில் காதில் விழுந்தால் எரிச்சல் பற்றிக்கொண்டு வரும்.

சிறுநீர் குறைந்தாலோ, எடை ஏறாமல் நின்றாலோ டாக்டரிடம் காட்டுங்கள். அது வேறு விஷயம்.

ஆறு மாதத்தோடு நிறுத்துவது

ஆறு மாதம் வரை தாய்ப்பால் மட்டும். அப்புறம் சோற்றோடு சேர்த்து, இரண்டு வயது வரையும் அதற்கு மேலும் கொடுக்கலாம்.

பாட்டிலில் பிஸ்கட் கரைப்பது

கூடாது.

"தாய்ப்பால் குடிச்ச பிள்ளை குண்டாகாது"

நீண்ட காலம் குடித்த குழந்தைகளிடம் அதிக எடை குறைவாக இருப்பதைப் பல ஆய்வுகள் காட்டுகின்றன. ஆனால் பெலாரஸ் நாட்டில் 1996இல் தொடங்கி 17,000 குழந்தைகளைப் பின்தொடர்ந்த ஆய்வில், தாய்ப்பாலை ஊக்குவித்த மருத்துவமனைகளில் பிறந்தவர்கள் கூடுதல் காலம் குடித்தும் 11 வயதில் மற்றவர்களைவிட எடை குறைவாக இருக்கவில்லை. இதை நம்ப எனக்கு ஆய்வு தேவையில்லை. இளையவள் இரண்டு வயது தாண்டியும் குடித்தாள். அந்தத் தெம்பில் டம்ளருக்கு இரண்டு ஸ்பூன் சர்க்கரை போட்டு, அவளையும் அண்ணனின் அதே மேல்கோட்டுப் பக்கம் கொண்டுபோய் நிறுத்தினேன்.