1773: தேயிலைப் பெட்டிகளை இந்தியாவில் ஏற்றாதீர்கள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்களின் குறிப்பேட்டில் 1773 இரண்டு இடங்களில் வரும். இந்திய வரலாற்றில் 'ஒழுங்குமுறைச் சட்டம்', உலக வரலாற்றில் 'பாஸ்டன் தேநீர் விருந்து', அதாவது வட அமெரிக்கத் துறைமுகமான பாஸ்டனில் கப்பல் தேயிலையைக் கடலில் கொட்டிய நிகழ்ச்சி. இடையே நூறு பக்கங்கள். கிழக்கிந்தியக் கம்பெனி என்ற ஒரே நிறுவனத்தின் ஒரே பணமுடையில் பிறந்த இரட்டைப் பிள்ளைகள் அவை என்பது அந்த நூறு பக்கங்களுக்குள் தொலைந்துபோகிறது. பின்னாளில் அமெரிக்க ஐக்கிய நாடுகளான, வட அமெரிக்காவின் பதின்மூன்று பிரிட்டிஷ் குடியேற்றங்களில் அந்த ஆண்டு நடந்தவற்றை எழுதுபவர்கள் சறுக்குவதும் பெரும்பாலும் இங்கேதான்.

1770இல் வங்காளத்தைப் பஞ்சம் சூறையாடியது. 1772இல் கிழக்கிந்தியக் கம்பெனி கடனில் மூழ்கியது. லண்டன் கிடங்குகளிலோ ஒரு கோடி ராத்தலுக்கும் (ஒரு ராத்தல் சுமார் 450 கிராம்) மேல் தேயிலை விற்காமல் கிடந்தது. கம்பெனியைக் காப்பாற்ற பிரிட்டிஷ் நாடாளுமன்றம் கடன் கொடுத்தது. அதன் கடிவாளத்தைப் பிடிக்க ஒழுங்குமுறைச் சட்டத்தை இயற்றியது. சரக்கைத் தள்ளிவிடத் தேயிலைச் சட்டத்தையும் கொண்டுவந்தது. அதே ஆண்டு செப்டம்பரில் கம்பெனியின் சென்னைப் படை ஆற்காடு நவாபுக்காகத் தஞ்சாவூரைப் பிடித்து மன்னர் துளஜாஜியைச் சிறை வைத்தது. தஞ்சையையும் பாஸ்டனையும் ஒரே தாளில் எழுதிப் பாருங்கள், ஆண்டு வேறு மாதிரித் தெரியும்.

அடுத்து, 'தேயிலை வரி உயர்த்தப்பட்டதால் மக்கள் கொதித்தனர்' என்ற வாக்கியம். இதை அடித்துவிடலாம். ராத்தலுக்கு மூன்று பென்ஸ் என்ற வரி 1767இலேயே போடப்பட்டது. 1773 மே மாதச் சட்டம் அதைத் தொடவே இல்லை. லண்டனில் கட்டிய சுங்கத்தைக் கம்பெனிக்குத் திருப்பித் தந்து, சரக்கைக் குடியேற்றங்களுக்கு நேரே அனுப்ப வழிசெய்தது. அதனால் தேயிலை மலிவாகும். சிக்கலே அந்த மலிவுதான். மலிவு என்று வாங்கிக் குடித்தால், தங்களுக்கு உறுப்பினரே இல்லாத நாடாளுமன்றம் வரி போடலாம் என்று ஒப்புக்கொண்டதாகிவிடும். டச்சுத் தேயிலையைக் கடத்தி விற்றவர்களின் பிழைப்பும் போகும். கம்பெனி தேர்ந்தெடுத்த சிலருக்கே விற்பனை உரிமை. பாஸ்டனில் அந்தச் சிலரில் பாஸ்டன் அடங்கிய மாசசூசெட்ஸ் குடியேற்றத்தின் ஆளுநர் ஹட்சின்சனின் மகன்களும் இருந்தார்கள். கொள்கையும் வயிற்றெரிச்சலும் கலந்த கோபம் அது. ஒன்றை மட்டும் எழுதினால் பாதிக் கதைதான்.

கம்பெனியின் பெயரில் 'இந்திய' என்று இருப்பதால் தேயிலையும் இந்தியாவிலிருந்து போனதாகப் பலர் எழுதுகிறார்கள். அது சீனத் தேயிலை, கான்டன் துறைமுகச் சரக்கு. அசாம் தோட்டங்கள் வருவதற்கு இன்னும் அரை நூற்றாண்டுக்கு மேல் இருந்தது. டார்ட்மவுத், எலினார், பீவர் என்ற மூன்று கப்பல்களும் பிரிட்டிஷ் போர்க்கப்பல்கள் அல்ல. குடியேற்ற வணிகர்களின் கப்பல்கள். சரக்கு மட்டுமே கம்பெனியுடையது.

டிசம்பர் 16 என்ற தேதியை மனப்பாடம் செய்பவர்கள் ஏன் அந்த இரவு என்று கேட்பதில்லை. டார்ட்மவுத் நவம்பர் 28 அன்று வந்தது. இருபது நாளுக்குள் வரி கட்டாவிட்டால் சுங்க அதிகாரிகள் சரக்கைக் கைப்பற்றலாம். வரி கட்டாமல் திரும்பிப் போக ஹட்சின்சன் அனுமதி தரவில்லை. கெடு முடியும் தறுவாயில், மோஹாக் பழங்குடியினர் போல வேடமிட்டவர்கள் கப்பலேறி ஏறத்தாழ 42 டன் தேயிலையைக் கடலில் கொட்டினார்கள். பழங்குடியினர்மீது பழிபோட நடந்த சூழ்ச்சி என்று இதைச் சொல்வது மிகை. எவரும் ஏமாறவில்லை, முகம் மறைக்க அது போதுமாக இருந்தது. 'விருந்து' என்ற பெயரும் பல பத்தாண்டுகள் கழித்து ஒட்டிக்கொண்டதுதான். அன்றைக்கு அது 'தேயிலை அழிப்பு'.

பாஸ்டனோடு ஆண்டை முடித்துவிடுவதும் தவறு. மார்ச்சில் வர்ஜீனியா சட்டமன்றம் மற்ற குடியேற்றங்களோடு கடிதத் தொடர்பு வைத்துக்கொள்ள ஒரு குழு அமைத்தது. சத்தமில்லாத செய்திதான், ஆனால் பின்னால் நடந்தவற்றுக்கெல்லாம் நரம்பு அதுவே. செப்டம்பரில் பாஸ்டனில் அடிமையாக இருந்த பிலிஸ் வீட்லியின் கவிதைத் தொகுப்பு லண்டனில் வெளியானது. அதன் பிரதிகள் பாஸ்டனுக்கு வந்தது அதே டார்ட்மவுத் கப்பலில். தேயிலைதான் கடலுக்குப் போனது, கவிதைகள் கரையேறின.

இன்னொன்று: 1773இல் 'அமெரிக்க ஐக்கிய நாடுகள்' கிடையாது, விடுதலைக் கோரிக்கையும் பொதுக் குரலாகவில்லை. கொதித்தவர்களில் பலர் தங்களை மன்னரின் விசுவாசமான குடிகள் என்றே சொல்லிக்கொண்டார்கள். லண்டனில் இருந்த பெஞ்சமின் பிராங்ளின், கொட்டிய தேயிலைக்கு ஈடு கொடுத்துவிட வேண்டும் என்றே கருதினார். பாஸ்டன் துறைமுகத்தை மூடிய சட்டம் 1774ஐச் சேர்ந்தது, அதை இங்கே இழுக்க வேண்டாம். கியூபெக், நோவா ஸ்கோஷியா, ஜமைக்கா ஆகியவையும் பிரிட்டனின் குடியேற்றங்களே. பதின்மூன்றோடு கணக்கு முடியவில்லை.

எல்லாத் துறைமுகத்திலும் தேயிலை கடலுக்குப் போகவும் இல்லை. பிலடெல்பியாவுக்கு வந்த போலி என்ற கப்பலைச் சரக்கோடு திருப்பி அனுப்பினார்கள். சார்ல்ஸ்டனில் சுங்க அதிகாரிகள் தேயிலையை இறக்கிப் பூட்டிவைத்தார்கள். சில ஆண்டுகள் அப்படியே கிடந்த அதை எடுத்து விற்று, புரட்சிக்காரர்கள் தங்கள் செலவுக்குப் பயன்படுத்திக்கொண்டார்கள்.