‘ஸாரி சொல்லு, கை குடு’: வகுப்பில் அன்பைக் கற்பிக்கும்போது நாம் செய்யும் தவறுகள்

மதியச் சாப்பாடு முடிந்து மணி அடித்து ஐந்து நிமிடம் இருக்கும். மூன்றாம் வகுப்பு. கரும்பலகையில் கடன் வாங்கிக் கழிக்கும் கணக்கு பாதி எழுதியிருக்கிறேன். பின்னால் குரல்: “மிஸ், இவன் என் பென்சில் டப்பாவை உடைச்சுட்டான்.” நான் திரும்பக்கூட இல்லை. “டேய், ஸாரி சொல்லு. ரெண்டு பேரும் கை குடுத்துக்கோங்க.” உடைத்தவன் கூரையைப் பார்த்துக்கொண்டு “ஸாரி” என்றான். உடைபட்டவன் கையை நீட்டினான். இருபது வினாடியில் வழக்கு தீர்ந்தது, கணக்கும் நிற்கவில்லை. சாயங்காலம் பார்த்தால், சைக்கிள் ஸ்டாண்டுப் பக்கம் அந்த இரண்டு பேரும் மண்ணில் கட்டிப் புரண்டுகொண்டிருந்தார்கள்.

இப்படி ஆண்டுக்கணக்காக ‘ஸாரி’ வாங்கிக் கொடுத்திருக்கிறேன். அது தவறு என்று புரிவதற்கே வெகுநாள் ஆனது. அன்பு, பரிவு, பிறர் வலியைத் தன் வலியாக உணர்வது எல்லாம் நாம் புதிதாகப் பிள்ளைகளுக்குள் ஊற்ற வேண்டிய சமாச்சாரம் என்ற நினைப்பில்தான் பெரும்பாலான தவறுகள் தொடங்குகின்றன. உண்மையில் அதோடுதான் அவர்கள் பள்ளிக்கு வருகிறார்கள். நம்முடைய சில பழக்கங்கள் அதை மழுங்கடித்துவிடுகின்றன.

கல் வைத்துப் பழுக்கவைத்த ஸாரி

பிள்ளைகளிடமே இதற்கு ஒரு முறை உண்டு. சண்டை வந்தால் ‘காய்’ விடுவார்கள், சமாதானம் ஆனால் ‘பழம்’. எந்த விரலை நீட்டுவது என்பது மட்டும் ஊருக்கு ஊர் மாறும். காய் விட்டவன் அன்றைக்கே பழம் விட வேண்டும் என்று சட்டமில்லை. ஒரு நாள் ஆகும், இரண்டு நாள் ஆகும், சில சமயம் ஒரு கடலைமிட்டாயில் முடியும். காய் பழுக்க நேரம் வேண்டும் என்பது அந்தச் சொல்லிலேயே இருக்கிறது. ஆசிரியர் வாங்கித் தரும் ஸாரியோ கார்பைடு கல் வைத்துப் பழுக்கவைத்த மாம்பழம். மேலே மஞ்சள், உள்ளே புளிப்பு.

கட்டாய ஸாரியால் இரண்டு பேருக்குமே நஷ்டம். அடித்தவன், ஒரு சொல்லைச் சொன்னால் தப்பித்துவிடலாம் என்று கற்றுக்கொள்கிறான். அடிபட்டவன், தன் வருத்தம் யாருக்கும் பொருட்டில்லை, சீக்கிரம் கை கொடுத்து முடித்துவிட வேண்டும் என்று கற்றுக்கொள்கிறான். இரண்டாவது பாடம்தான் மோசமானது.

இப்போது நான் செய்வது இது. முதலில் இரண்டு பேரையும் தள்ளி உட்காரவைப்பேன். கோபம் தணியும்வரை கேள்வியே கிடையாது. பிறகு, பாதிக்கப்பட்டவனிடம் முதலில் பேசுவேன். நம் வழக்கம் இதற்கு நேர்மாறு; தப்புச் செய்தவனைத் திட்டுவதிலேயே நேரம் போய்விடும், அழுகிற பிள்ளை ஓரமாக நிற்கும். “உனக்கு இப்ப என்ன வேணும்?” என்று கேட்டால், “அவன் ஸாரி சொல்லணும்” என்று அபூர்வமாகத்தான் பதில் வரும். டப்பா உடைந்த இன்னொரு சம்பவத்தில் பையன் சொன்னது: “மூடி நிக்கணும் மிஸ்.” உடைத்தவன் மறுநாள் வீட்டிலிருந்து இரண்டு ரப்பர் பேண்ட் கொண்டுவந்தான். இரண்டு பேரும் ஜன்னலோரம் உட்கார்ந்து அதைச் சுற்றினார்கள். ஒன்று அறுந்து ஒருவன் மூக்கில் பட்டது, சிரித்தார்கள். ஸாரி என்ற சொல் அங்கே வரவேயில்லை. நானும் கேட்கவில்லை.

உதவிக்கு ஒரு ஸ்டார்

‘இன்று உதவி செய்தவர்கள்’ என்று ஒரு சார்ட் ஒட்டி, ஒவ்வொரு உதவிக்கும் ஒரு நட்சத்திரம் கொடுப்பது பல வகுப்பறைகளில் உண்டு. நானும் ஒட்டினேன். ஜிகினாத்தாள் வாங்கி ராத்திரி உட்கார்ந்து வெட்டியது இன்னும் நினைவிருக்கிறது. முதல் வாரம் அமர்க்களம். இரண்டாவது வாரம், ஒரு பெண் பக்கத்துப் பிள்ளையின் ரப்பரை முழங்கையால் மெல்லத் தட்டிக் கீழே விட்டு, தானே குனிந்து எடுத்துக் கொடுத்து, “மிஸ், ஸ்டார்” என்றாள். சிரிப்பு வந்தது. தப்பு அவளுடையதில்லை, சார்ட்டை ஒட்டியவள் நான்.

இதை முறையாக ஆராய்ந்து பார்த்தவர்கள் இருக்கிறார்கள். ஜெர்மனியின் லைப்ஜிக் நகரில் ஃபெலிக்ஸ் வார்னெக்கன், மைக்கேல் டொமாசெல்லோ என்ற இரு ஆய்வாளர்கள் 18 மாதக் குழந்தைகளின் முன்னால் துணி கிளிப்பைத் தவறவிட்டு, எட்டாததுபோல் கையை நீட்டினார்கள். பெரும்பாலான குழந்தைகள் யாரும் சொல்லாமலே தத்தித் தத்திப் போய் எடுத்துக் கொடுத்தன. 2006இல் வெளிவந்த ஆய்வு இது. இரண்டு ஆண்டு கழித்து அதே இருவர் இன்னொன்றைச் சோதித்தார்கள். 20 மாதக் குழந்தைகளில் சிலருக்கு உதவியதற்காக ஒரு பொருளைப் பரிசாகக் கொடுத்தார்கள், சிலரை வாயால் பாராட்டினார்கள், சிலருக்கு ஒன்றுமே இல்லை. பிறகு பரிசை நிறுத்திவிட்டுப் பார்த்தபோது, பரிசு வாங்கிய குழந்தைகள்தான் மற்றவர்களைவிடக் குறைவாக உதவினார்கள். ‘எனக்குத் தோன்றியது, செய்தேன்’ என்றிருந்த ஒன்று ‘எனக்கு என்ன கிடைக்கும்’ என்று மாறிவிடுகிறது.

அப்படியானால் நல்லது செய்யும் பிள்ளையைப் பாராட்டவே கூடாதா? பாராட்டலாம், ஆனால் அசெம்பிளியில் மேடையேற்றி அல்ல. “நீ தண்ணி பாட்டில் குடுத்தியே, அவ விக்கல் நின்னுடுச்சு பாரு” என்றால் போதும். பார்வை பாராட்டு வாங்கியவள்மேல் நிற்காமல், உதவி போய்ச் சேர்ந்த இடத்துக்குப் போகிறது. சார்ட்டைக் கழற்றியபோது இரண்டு மூன்று பேர் முனகினார்கள், ஒரு வாரத்தில் மறந்துவிட்டார்கள். ஜிகினாத்தாள் ஆண்டு விழாவுக்கு உதவியது.

‘பாவம்’ என்ற சொல்

பரிவைக் கற்பிப்பதாக நினைத்துக்கொண்டு நாம் அதிகம் பயன்படுத்துவது ‘பாவம்’ என்ற சொல்லைத்தான். “பாவம்டா, அவனுக்கு அப்பா இல்ல.” “பாவம், அவளால நடக்க முடியாது, எல்லாரும் ஹெல்ப் பண்ணுங்க.” சொல்பவர் மனம் நல்ல மனம்தான். ஆனால் பாவம் என்று சொன்ன உடனே ஒருத்தர் மேலேயும் ஒருத்தர் கீழேயும் போய்விடுகிறார்கள். கீழே போன பிள்ளைக்கு அது நாற்பது பேர் முன்னால் ஒட்டிய லேபிள்.

காலில் கேலிப்பர் போட்ட ஒரு பெண் என் வகுப்பில் இருந்தாள். முதல் நாளே நான் மேற்சொன்ன வசனத்தைச் சொல்லிவிட்டேன். அதன் பலன்: அவள் பையைத் தூக்க எட்டுப் பேர், விளையாடக் கூப்பிட ஒருத்தர்கூட இல்லை. இடைவேளையில் திண்ணையில் தனியாக உட்கார்ந்து எல்லாருடைய தண்ணீர் பாட்டில்களையும் காவல் காத்துக்கொண்டிருப்பாள். இதைச் சரிசெய்ததில் எனக்குப் பங்கில்லை. ஒருநாள் பாண்டி ஆட்டத்தில் ஆள் குறைந்தது. ஒருத்தி இவளை இழுத்துவந்து, “நீ சில்லு போடு, உனக்காக நான் தாண்டுறேன்” என்றாள். அவள் சில்லு எறிந்தால் குறி தப்பாது என்று இரண்டே நாளில் தெரிந்துபோனது. மூன்றாம் நாள் இவளைத் தங்கள் அணியில் சேர்க்கச் சண்டை. உதவிக்குரியவளாக இருந்தவள், இல்லாவிட்டால் ஆட்டம் தோற்கும் ஆளாக மாறினாள். நான் போட்ட ‘பாவம்’தான் அதுவரை அதைத் தடுத்துக்கொண்டிருந்தது.

இதே தவறு சாதி விஷயத்தில் இன்னும் கூர்மையாகும். “ஸ்காலர்ஷிப் பசங்கள்லாம் எந்திரிங்க” என்று வகுப்பில் நிற்கவைத்துப் பெயர் எழுதும் ஆசிரியருக்கு அது அலுவலக வேலை, எழுந்து நிற்கும் பிள்ளைக்கு அப்படியில்லை. 2023 ஆகஸ்டில் நாங்குநேரியில் பள்ளி மாணவன் ஒருவனும் அவன் தங்கையும் உடன் படித்த மாணவர்களாலேயே வெட்டப்பட்ட பிறகு அமைக்கப்பட்ட நீதிபதி சந்துரு குழு, 2024 ஜூனில் அறிக்கை கொடுத்தது. வருகைப் பதிவேட்டில் சாதி விவரம் இருக்கக் கூடாது, பிள்ளைகளை அகர வரிசைப்படி உட்காரவைக்க வேண்டும், கையில் வண்ணக் கயிறு கூடாது என்றெல்லாம் அதில் பரிந்துரைகள் இருக்கின்றன. இருக்கை வரிசையா அன்பைக் கொண்டுவரும் என்று ஸ்டாஃப் ரூமில் சிலர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. யார் பக்கத்தில் யார் உட்காரலாம் என்பதைப் பிள்ளைகள் வீட்டிலிருந்து படித்துவிட்டு வரும் ஊர்களில், ‘அனைவரும் சமம்’ என்று பலகையில் நூறு முறை எழுதுவதைவிட ஒரே பெஞ்ச் பெரிய பாடம்.

லீடர் பலகையில் ‘இன்ட்டு’

ஆசிரியர் வெளியே போனால் லீடர் எழுந்து ‘பேசியவர்கள்’ என்று தலைப்புப் போட்டுப் பெயர் எழுதுவதை நாமெல்லாரும் பார்த்து வளர்ந்தவர்கள்தான். இரண்டாம் முறை பேசினால் பெயர் பக்கத்தில் ஓர் இன்ட்டு, மீண்டும் பேசினால் ‘அடங்கவில்லை’. லீடரின் தோஸ்து பெயர் மட்டும் ஒரு தேன்மிட்டாய்க்கு அழிந்துபோகும்! ஒருவரையொருவர் கவனிக்கும் இயல்பை வேவு பார்க்கும் வேலையாக மாற்ற இதைவிட எளிய வழி இல்லை. இதைச் செய்யச் சொல்லிவிட்டு, அதே வாயால் “எதுக்கெடுத்தாலும் கோள் சொல்லாதே” என்றும் சொல்கிறோம். அதனால் நிஜமாகவே அடிபடும் பிள்ளையும் வாயை மூடிக்கொள்கிறது. நான் இப்போது கேட்பது ஒன்றே ஒன்று: “அவனை மாட்டிவிடச் சொல்றியா, யாரையாவது காப்பாத்தச் சொல்றியா?” ஒன்றாம் வகுப்புப் பிள்ளைக்குக்கூட வித்தியாசம் தெரிகிறது.

“நீ அவனா இருந்தா உனக்கு எப்படி இருக்கும்?” என்ற கேள்வியையும் இங்கே சொல்லிவிட வேண்டும். கேள்வி நல்ல கேள்வி, நாம் கேட்கும் தொனிதான் மோசம். கோபத்தில் மூச்சிரைக்க நிற்கும் பையனிடம் விரலை நீட்டிக் கேட்டால் அது கேள்வியல்ல, திட்டு. அவனும் தலையைக் குனிந்துகொண்டு “கஷ்டமா இருக்கும்” என்று மனப்பாடப் பதிலைச் சொல்வான். மனப்பாடம் என்றதும் குறள் நினைவுக்கு வருகிறது. பிறர் நோயைத் தன் நோய்போல் கருதாத அறிவால் என்ன பயன் என்று கேட்கும் 315ஆம் குறளை, பக்கத்தில் இருப்பவள் பார்த்துவிடாதபடி இடது கையால் மறைத்துக்கொண்டு ஒரு பெண் தேர்வில் எழுதியதைப் பார்த்திருக்கிறேன். முழு மதிப்பெண். குறளை ஒப்பிப்பது வேண்டாம் என்று சொல்ல மாட்டேன், பின்னால் ஒரு நாள் அது உள்ளே முளைக்கும். அதோடு கருணைப் பாடம் முடிந்தது என்று நாம் டிக் அடித்துவிடுவதுதான் சிக்கல்.

நேரமில்லை

மேலே சொன்ன எல்லாத் தவறுகளுக்கும் அடியில் இருப்பது அவசரம். 1973இல் வெளியான ஓர் அமெரிக்க ஆய்வு இதில் பிரபலம். ஜான் டார்லி, டேனியல் பேட்சன் என்ற இருவர், பிரின்ஸ்டன் நகரில் பாதிரியாராகப் படித்துக்கொண்டிருந்த 40 மாணவர்களைச் சோதித்தார்கள். பக்கத்துக் கட்டடத்துக்குப் போய்ப் பேச வேண்டும் என்று அனுப்பினார்கள். அதில் பாதிப் பேருக்குக் கொடுத்த தலைப்பே, வழியில் அடிபட்டுக் கிடந்தவனுக்கு உதவிய நல்ல சமாரியன் கதைதான். போகிற வழியில் ஒருவர் சுருண்டு கிடந்து இருமுகிறார். நேரமிருக்கிறது என்று சொல்லி அனுப்பப்பட்டவர்களில் 63 சதவீதம் பேர் நின்று உதவினார்கள். தாமதமாகிவிட்டது, ஓடு என்று சொல்லப்பட்டவர்களில் 10 சதவீதம்தான். உதவுவதைப் பற்றியே பேசப் போகிறோம் என்பது பெரிய வித்தியாசம் எதையும் உண்டாக்கவில்லை.

கரும்பலகையைப் பார்த்துக்கொண்டே “ஸாரி சொல்லு” என்ற என்னை இதில் நான் பார்க்கிறேன். சிலபஸ் முடிய வேண்டும், ஆன்லைனில் வருகை ஏற்ற வேண்டும், நோட்டு திருத்த வேண்டும். எல்லாம் உண்மைதான். அதனால் மதியச் சாப்பாட்டுக்குப் பிறகு வரும் முதல் ஏழெட்டு நிமிடத்தை நான் பாடத்துக்கென்று கணக்கில் வைப்பதில்லை. புகார்கள் வருவது அந்நேரம்தான். புகார் இல்லாத நாளில் ஒரு விடுகதை.

இன்னொன்று நம் நாக்கு. கல்வி உரிமைச் சட்டம் 2009இன் 17ஆம் பிரிவு உடல் தண்டனையை மட்டுமல்ல, மனத்தைத் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. பிரம்பு பெரும்பாலும் போய்விட்டது. “நீயெல்லாம் மாடு மேய்க்கத்தான் லாயக்கு” மட்டும் இன்னும் போகவில்லை. மாடு மேய்ப்பவரின் மகன் மூன்றாம் பெஞ்சில் உட்கார்ந்து அதைக் கேட்டுக்கொண்டிருக்கிறான் என்பது சொல்பவருக்குத் தோன்றுவதே இல்லை.

போன வருஷம் ஒரு பையனை, தரையில் தண்ணீர் கொட்டியதற்காக எல்லார் முன்னாலும் திட்டிவிட்டேன். கொட்டியது பானையின் குழாய். வாஷர் தேய்ந்து ஒழுகியிருக்கிறது. அவன் துடைத்துக்கொண்டிருந்தவன்! விஷயம் தெரிவதற்குள் பள்ளி விட்டுவிட்டது. மறுநாள் காலை வருகை எடுக்கும் முன், எல்லார் முன்னாலும், “நேத்து விசாரிக்காம உன்னத் திட்டிட்டேன். தப்பு என் மேலதான்” என்றேன். அவன் ஒன்றும் சொல்லாமல் உட்கார்ந்துகொண்டான். காலை முழுக்க என் பக்கம் திரும்பவில்லை. மதியம் குழாயடியில் தட்டைக் கழுவிக்கொண்டிருந்தவன், நான் கடந்து போகும்போது நிமிராமலே, “மிஸ், பழம்” என்றான்.