கல்லைப் புரட்டிப் பார்க்காமல் மருந்தடிக்காதீர்கள்

நாலு கல்லை அடுக்கி, இடையில் கள்ளி, அடீனியம், ஜேடு, எச்சவேரியா என்று தண்டிலும் இலையிலும் தண்ணீரைச் சேர்த்துவைக்கும் செடிகளை நட்டுவிட்டால் இனி இதைக் கவனிக்கவே வேண்டாம் என்று நினைத்துவிடுகிறோம். எங்கள் மாடியில் ராக் கார்டன் போட்டபோது நானும் அப்படித்தான் இருந்தேன்.

ஜேடு செடியின் இலை இடுக்கில் வெள்ளையாகப் பஞ்சு மாதிரி தெரிந்தது. மாவுப்பூச்சிதான். மூன்று வாரம் விடாமல் வேப்பெண்ணெய் அடித்தேன், போவதும் வருவதுமாக இருந்தது. கடுப்பாகி ஒரு நாள் பக்கத்துக் கல்லைப் புரட்டினால் அடியில் எறும்புச் சாரை, மண்ணைக் கிளறினால் வேரெல்லாம் வெள்ளைப் பொடி. இலையில் நான் கொன்றுகொண்டிருந்தேன், அடியில் அது குடித்தனம் நடத்திக்கொண்டிருந்தது! மாவுப்பூச்சி கழிக்கிற இனிப்பு நீருக்காக எறும்பு அதற்குக் காவல் நிற்கும், தின்ன வரும் பொறிவண்டுகளை விரட்டிவிடும். அதனால் எறும்பை ஒழிக்காமல் மாவுப்பூச்சியை ஒழிப்பது கஷ்டம். வேரில் பிடித்திருந்தால் செடியைப் பிடுங்கி, வேரைக் கழுவி, கெட்டதை வெட்டி, சில நாள் நிழலில் காயவிட்டுப் புது மண்ணில் நடுவதுதான் வழி.

வேப்பெண்ணெயை உச்சி வெயிலில் அடிப்பது அடுத்த தவறு. இலை வெந்துவிடும், அப்புறம் அதையே நோய் என்று நினைத்து இன்னொரு மருந்து வாங்குவோம். லிட்டர் தண்ணீருக்கு 5 மில்லி எண்ணெய், கலப்பதற்குச் சில சொட்டு சோப்பு, வெயில் தாழ்ந்த பிறகு தெளிப்பு, முட்டையிலிருந்து வரும் குஞ்சுகளுக்காக 7 முதல் 10 நாளில் இன்னொரு முறை. ஆனால் ஜேடு, முள் யூபோர்பியா (பால் வடியும் முட்செடி) இரண்டுக்கும் சோப்பே ஆகாமல் போகலாம், ஒரு இலையில் அடித்து இரண்டு நாள் பார்த்துவிட்டு மற்றதைச் செய்யுங்கள். (நான் பார்க்கவில்லை. ஜேடு பாதி இலையைக் கொட்டியது.) எச்சவேரியா இலைமேல் இருக்கும் சாம்பல் பூச்சு அழுக்கும் இல்லை, பூஞ்சையும் இல்லை, துடைத்தால் அந்த இலையில் திரும்ப வராது. அங்கே பூச்சி இருந்தால் பஞ்சில் ஸ்பிரிட் (காயம் துடைக்கும் ஆல்கஹால்) தொட்டு அதன்மேல் மட்டும் வைத்தால் போதும்.

இன்னொன்று, பலருக்குத் தெரியாதது. மாவுப்பூச்சிக் கூட்டத்துக்குள் கொஞ்சம் பெரிதாக, உடம்பெல்லாம் வெள்ளை மெழுகு இழைகளோடு விறுவிறுவென்று ஓடுவது ஏதாவது தெரிந்தால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஆஸ்திரேலியப் பொறிவண்டின் புழுவாக இருக்கலாம். 1898-லேயே இந்தியாவுக்குக் கொண்டுவந்துவிட்ட இனம், ஆளைப் பார்த்தால் எதிரி மாதிரியே இருக்கும்.

கோடையில் இலை மங்கி, மெல்லிய நூலாம்படை தெரிந்தால் அது சிலந்திப்பேன். பூச்சி இனமே இல்லாததால் பல பூச்சிமருந்துகள் அதைத் தொடாது, அதைத் தின்னும் நல்ல பூச்சிகளைத்தான் கொல்லும். முதலில் இலையின் அடிப்பக்கம் தண்ணீரைப் பீய்ச்சி அடியுங்கள்.

அழுகலுக்குக் காரணம் பெரும்பாலும் நம் கையில் இருக்கும் ஹோஸ்தான். மேலே கூழாங்கல் காய்ந்து கிடக்கும், இரண்டு அங்குலம் கீழே ஈரம் சொதசொதவென்று இருக்கும், அது தெரியாமல் தினம் ஊற்றுவோம். விரலை விட்டுப் பாருங்கள். அடீனியத்தின் அடிக்கிழங்கு அமுக்கினால் கொழகொழவென்று இருந்தால் பூஞ்சை மருந்தை மேலே ஊற்றிப் பயனில்லை. ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் நல்ல சதை வரும்வரை வெட்டி (வெட்டும்போது வடியும் பால் கண்ணில் பட்டுவிடக் கூடாது, விஷம்), ஒரு வாரம் காயவிட்டு நடுங்கள். வெறும் செம்மண் வேண்டாம், பாதிக்குப் பாதி பருமணலோ உடைத்த செங்கல்லோ சேருங்கள்.

மழைக்காலத்தில் கல் இடுக்கில் நத்தை வந்தால் உப்பைத் தூவாதீர்கள். நத்தை சாகும், உப்பு மண்ணிலேயே தங்கிச் செடியையும் சாகடிக்கும். ராத்திரி எட்டு மணிக்கு மேல் டார்ச்சோடு போய், கையுறை போட்டுப் பொறுக்குங்கள், வெறுங்கையால் தொட வேண்டாம்.